ரோட்டை மறிக்காத மணிமண்டபம்!
நினைவுச் சின்னத்தை ஓரமாக வைத்த லோயர் கேம்ப்

லோயர் கேம்ப்,

கூடலூர் தாண்டி, குமுளி மலைக்கு வண்டிகள் கியர் மாற்றுகிற இடம் லோயர் கேம்ப். மலைச்சரிவில் மின் நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்கள் தூரத்திலேயே கண்ணில் படும். அடுத்து பஸ்சில் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பது கர்னல் பென்னிகுயிக் மணிமண்டபத்தைத்தான்.

1895-ல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்தவர் அவர். 15-1-2013 அன்று அப்போதைய முதல்–அமைச்சர் ஜெயலலிதா இந்த மண்டபத்தைத் திறந்து வைத்தார். நெடுஞ்சாலையை ஒட்டித்தான் இருக்கிறது. ஆனால் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு தூண் கூட இல்லை!

இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். நம்ம ஊரில் ஒருவருக்குப் பெருமை சேர்க்க வேண்டும் என்றால், முதலில் ரோட்டுக்குக் குறுக்கே வளைவுதான் எழும்பும். இரண்டு தூண், மேலே ஒரு உத்தரம், அதற்கு மேல் கோவில் வாசல் மாதிரி வேலைப்பாடு. இது பழைய ஆசை. நடந்து போனவர்கள் தலைச்சுமையை இறக்கி வைத்த சுமைதாங்கிக் கல்லும் இதே வடிவம்தானே? ஆனால் அது ரோட்டோரமாக நின்றது. யார் வழியையும் மறிக்கவில்லை.

மதுரையில் 1981-ல் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது மாட்டுத்தாவணியில் நக்கீரர் தோரணவாயில் கட்டப்பட்டது. பார்க்க கம்பீரம். பிறகு அங்கே பஸ் நிலையம் வந்தது, வண்டிகள் பெருகின. தூண்கள் போக்குவரத்துக்கு இடைஞ்சலாயின. வழக்கு ஐகோர்ட்டு மதுரைக் கிளைக்குப் போனது. இடிக்க உத்தரவானது. 2025 பிப்ரவரியில் ராத்திரியோடு ராத்திரியாக இடிக்கும்போது தூண் சரிந்து, எந்திரத்தை ஓட்டியவர் பலியானார். அழகுக்காகக் கட்டிய வாசல் கடைசியில் ஒரு உயிரையும் வாங்கி விட்டது.

சென்னை அண்ணா நகர் வளைவு தப்பியது. கோவில் வேலைப்பாடு எதுவும் இல்லாத வெறும் கான்கிரீட் வளைவு அது. 2012-ல் மேம்பாலத்துக்காக இடிக்கத் தொடங்கி, அப்புறம் விட்டு விட்டார்கள்.

அமெரிக்காவில் வேறு மாதிரி யோசித்தார்கள். கனெக்டிகட் மாநிலத்தில் 1930-களில் போட்ட மெரிட் பார்க்வே சாலையில், டங்கல்பெர்கர் என்பவர் பாலங்களை ஒன்றுபோல் ஒன்று இல்லாமல் வரைந்து கொடுத்தார். எப்படியும் கட்ட வேண்டிய பாலத்திலேயே அலங்காரம். தனியாக வளைவு எதற்கு?

குமுளி மலைப்பாதை குறுகல். சபரிமலை சீசனில் கூட்டம் மீறினால், போகிற வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பி விட்டு, வருகிற வண்டிகளை மட்டும் லோயர் கேம்ப் வழியாக இறக்குகிறார்கள். இங்கே ரோட்டில் ரெண்டு தூணை நட்டிருந்தால் கதி என்ன?

ஜனவரி 15 பென்னிகுயிக் பிறந்த நாள். கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் மணிமண்டபத்தில் பொங்கல் வைக்கிறார்கள். மகரவிளக்கு முடிந்து திரும்பும் அய்யப்ப பக்தர்களின் வேன்கள் அந்த நேரத்தில்தான் பக்கத்தில் வரிசையாக இறங்கிக் கொண்டிருக்கும்.