மாணவர் தலைமையும் தமிழ்மொழிக் கழகமும்: கோல சிலாங்கூர்த் தோட்டப்புற மாணவரை முன்வைத்து

மலேசிய இடைநிலைப்பள்ளிகளில் மாணவர் தலைமை இருவகையில் அமைகின்றது. கட்டொழுங்கைக் கண்காணிக்கும் மாணவர் தலைவர்களைப் பெரும்பாலும் ஆசிரியர்களே தேர்ந்து நியமிக்கின்றனர். அவர்தம் அதிகாரம் முதல்வரிடமிருந்து வருவது. கழகங்களின் செயலவையினரையோ ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் உறுப்பினர்கள் முன்மொழிந்து, வழிமொழிந்து தேர்ந்தெடுக்கின்றனர். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டே நாம் பேசிவருகின்றோம். ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம், 2007 வரை பத்தாங் பெர்ஜுந்தை என வழங்கிய பெஸ்தாரி ஜெயா ஆகிய பகுதிகளின் தோட்டப்புற மாணவரைப் பொறுத்தவரை இவ்வேறுபாடு சிறிதன்று.

தோட்டச் சமூகம் இவ்வேறுபாட்டை நன்கறியும். கங்காணியின் அதிகாரம் துரையிடமிருந்து வந்தது. தொழிலாளர் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தம், தொழிலாளர் தம் தலைவராக ஏற்ற ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டபின் மேலும் பரவியமை வரலாறு. 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் உருவானபின் கூட்டம், தீர்மானம், வாக்கெடுப்பு முதலியன லயங்களில் பழக்கச் சொற்களாயின. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் வெளியேறியதும் அப்பயிற்சிக்களமும் சுருங்கிற்று.

சிறிய தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவர் பலரும் ஏதேனும் ஒரு பொறுப்பை ஏற்றிருப்பர். மலாய்மொழி வழி இடைநிலைப்பள்ளியில் நுழைந்தவுடன், சிலர் புகுமுக வகுப்பில் ஓராண்டைக் கழித்தபின், அதே மாணவர் வாய்மூடி அமர்வதை ஆசிரியர்கள் அறிவர். தமிழ்மொழிக் கழகம் அவர்களுக்கு மீண்டும் பேச இடமளிக்கின்றது. கழகச் செயலாளர் கூட்டக் குறிப்பைத் தமிழில் எழுதுகின்றார். மண்டபம் கேட்டு முதல்வருக்கு மலாயில் கடிதம் வரைகின்றார். மலாயில் அலுவல்முறைக் கடிதம் எழுதும் பயிற்சியைத் தமிழ்க் கழகமே தருவது வியப்பன்று. தேவையிருக்குமிடத்தில்தான் மொழி பழகும்.

ஆயினும் இப்பொறுப்புகள் தோட்டப்புற மாணவரை எளிதில் அடைவதில்லை. கூட்டங்கள் பிற்பகலில் நடைபெறும். பள்ளிப் பேருந்தோ பாடம் முடிந்தவுடன் புறப்பட்டுவிடும். எஞ்சியிருப்போர் பட்டணத்து மாணவர். பதவிகளும் அவர்களுக்கே செல்கின்றன. பல்கலைக்கழக நுழைவுக்கான தகுதிப் புள்ளிகளில் புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு உண்டு. வகிக்கும் பதவிக்கேற்பப் புள்ளி உயர்கின்றது. பேருந்தைத் தவறவிட இயலாத மாணவர் இதனால் எதை இழக்கின்றார் என்பதை விளக்க வேண்டியதில்லை. மற்றொரு குறையும் உண்டு. தேர்வில் சிறந்த மாணவரையே பொறுப்பாசிரியர் தலைவராக அறிவித்துவிடும்போது, கழகத் தேர்தலும் நியமனமாகிவிடுகின்றது. நல்லெண்ணத்தால் செய்யப்படுவதெனினும் இது தவறே என்பது என் கருத்து.

2019இல் நிறைவேறிய அரசியலமைப்புத் திருத்தம் 2021 டிசம்பர் 15இல் நடைமுறைக்கு வந்ததுமுதல் வாக்களிக்கும் வயது 18 ஆகும். ஐந்தாம் படிவத்தை முடிக்கும் மாணவர் ஓரிரு ஆண்டுகளில் வாக்காளராகின்றார். அதற்குமுன் அவர் வாக்களித்த ஒரே இடம் கழகப் பொதுக்கூட்டமாகவே இருக்கக்கூடும். அக்கூட்டத்தையேனும் பள்ளி நேரத்துக்குள், பேருந்து புறப்படுமுன் நடத்த, பொறுப்பாசிரியர்கள் முதல்வரிடம் ஒரு பாடவேளையைக் கேட்டுப் பெறலாம். மறைவான வாக்குச்சீட்டுக்குத் தாளும் ஒரு பெட்டியும் போதும்.