வாசற்படிக்கு இந்தப் பக்கம்

அன்று அடிபட்ட பெண்ணின் கை முதலில் தேடியது ஒரு துணிப்பையை. இரண்டு புடவை, பிள்ளையின் உடுப்பு, முந்தானையில் முடிந்த பஸ் காசு. விடிவதற்குள் தாய்வீட்டுத் திண்ணை. நாலு நாளில் பெரியவர்கள் வந்து உட்காருவார்கள். "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்பதுதான் தீர்ப்பு. திரும்பிப் போனால் அதே அடி. போகாவிட்டால் அண்ணன் குடும்பத்துக்குப் பாரம்.

சட்டம் அப்போதும் இருந்தது. 1983-இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 498ஏ பிரிவு சேர்ந்தது. கொடுமை செய்யும் கணவனுக்கும் அவன் வீட்டாருக்கும் மூன்றாண்டு வரை சிறை. 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. ஆனாலும் பலர் புகார் எழுதும்போதே பேனாவைக் கீழே வைத்தார்கள். அவனை உள்ளே தள்ளிவிட்டு, அன்று ராத்திரி எங்கே படுப்பது? ஜீவனாம்சம் கேட்டாலும், குற்ற நடைமுறைச் சட்டத்தின்படி மாதம் 500 ரூபாய்தான் உச்சவரம்பு. அது நீங்கியதே 2001-இல்தான்.

இந்த இடத்தைத்தான் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் தொட்டது. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கும் அந்தச் சட்டம், கணவனைச் சிறைக்கு அனுப்பாமலே பாதுகாப்புக் கேட்க வழி செய்தது. அடி மட்டுமல்ல, வசைச்சொல்லும், செலவுக்குப் பணம் தராமல் முடக்குவதும் வன்முறை என்றது. மணமாகாமல் சேர்ந்து வாழ்பவளும், தாயும், சகோதரியும்கூட மனுப் போடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வீடு யார் பேரில் இருந்தாலும், குடியிருந்த வீட்டில் தொடர்ந்து இருக்க அவளுக்கு உரிமை உண்டு என்றது. தேவைப்பட்டால் நீதிமன்றம் அவனை வெளியேறச் சொல்லலாம். வேறு வீடு பார்த்து வாடகை கட்டச் சொல்லலாம்.

அந்த உரிமைக்கு இரண்டே மாதத்தில் சோதனை. 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், மாமியார் பேரில் உள்ள வீட்டில் மருமகள் அந்த உரிமையைக் கோர முடியாது என்றது. நம் ஊரில் எத்தனை வீட்டுப் பத்திரம் மகன் பேரில் இருக்கிறது? 2020 அக்டோபரில்தான் அதே நீதிமன்றம் அந்தத் தீர்ப்பு தவறு என்று திருத்தியது. இது சொத்துரிமை அல்ல, குடியிருக்கும் உரிமை; வயதான மாமனார், மாமியாரின் நிம்மதியையும் எடைபோட வேண்டும் என்றும் சொன்னது.

மனுவை முதல் விசாரணையிலிருந்து 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். கோர்ட்டு வாசலில் வாய்தா மேல் வாய்தா. "அனுசரிச்சுப் போம்மா" என்ற குரலும் ஓயவில்லை. சில நேரம் கவுன்சலிங் என்ற பெயரில் வருகிறது.

இன்றும் அவள் பை எடுக்கிறாள். அதில் புடவை இல்லை. கல்யாணப் பத்திரிகை, அரசு மருத்துவமனைச் சீட்டு, சீராகக் கொண்டுவந்த நகை, பாத்திரங்களின் பட்டியல். 181 என்ற மகளிர் உதவி எண்ணுக்குப் பேசிவிட்டு, மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பார்க்கிறாள். நீதிமன்றத்தின் பாதுகாப்பு உத்தரவு கிடைத்தால் அதன் நகல் காசில்லாமல் அவள் கைக்கும் உள்ளூர்க் காவல் நிலையத்துக்கும் வரும். அதை அவன் மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சாயங்காலம் அந்தப் பையோடு அவள் ஏறுவது தாய்வீட்டுத் திண்ணையில் அல்ல. தன் வீட்டு வாசற்படியில்.