ஒரே தாளில் இரண்டு சிவப்பு

மதுரையில் உறவினர் ஒருவரின் கண் ஸ்கேன் அறிக்கையை அண்மையில் பார்க்க நேர்ந்தது. கண் அழுத்த நோய் இருக்கிறதா என்று அறிய எடுத்தது. அதில் இரண்டு வண்ணப் படங்கள். விழித்திரை நரம்பிழைப் படலத்தின் தடிமனை முதல் படம் காட்டுகிறது; அதில் சிவப்பு என்றால் படலம் தடிமனாக இருக்கிறது என்று பொருள். அந்தத் தடிமனை நோயற்றவர்களின் அளவோடு ஒப்பிடுகிறது இரண்டாவது படம். அதில் சிவப்பு என்றால் படலம் மிகவும் மெலிந்துவிட்டது என்று பொருள். ஒரே தாளில் ஒரே நிறத்துக்கு நேரெதிரான இரு பொருள்கள். முதல் படத்தின் சிவப்பைக் கண்டே உறவினர் கலங்கிப் போயிருந்தார்.

ஓசிடி எனப்படும் இக்கருவி அகச்சிவப்பு ஒளியைச் செலுத்திப் படலத்தின் தடிமனை மைக்ரோமீட்டரில் அளக்கிறது. அதற்குக் கிடைப்பவை எண்கள் மட்டுமே. நிறத்தைப் பூசுவது மென்பொருள். எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்பது மனிதர் எடுத்த முடிவு.

அறிவியல் படங்களில் நெடுங்காலமாகக் கோலோச்சியது வானவில் வரிசை. அது அழகானது, ஆனால் ஏமாற்றக்கூடியது. எண்கள் சீராக உயரும்போதும் நடுவிலுள்ள மஞ்சள் பளிச்சிட்டு, இல்லாத எல்லைக்கோட்டைக் காட்டும். பச்சைப் பரப்போ உண்மையான வேறுபாட்டை மறைத்துவிடும். சிவப்பு, பச்சை பிரித்தறிய இயலாதவர்களுக்கு அந்த வரிசையே குழப்பம்தான். ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2011-இல் இதயத் தமனிப் படங்களை மருத்துவ மாணவர்களிடம் கொடுத்துச் சோதித்தனர். தட்டையான வானவில் படத்தில் ஆபத்தான இடங்களில் 62 சதவீதத்தைக் கண்டறிந்தவர்கள், நிற வரிசையை மட்டும் மாற்றியதும் 91 சதவீதத்தைக் கண்டறிந்தனர்.

இது நமக்குத் தொலைதூரச் செய்தியன்று. மதுரை உள்ளிட்ட தென் மாவட்டக் கிராமங்களில், நாற்பது வயதைக் கடந்த 5,150 பேரிடம் அரவிந்த் கண் மருத்துவமனை நடத்திய ஆய்வு 2003-இல் வெளியானது. கண் அழுத்த நோய் இருந்தவர்கள் 2.6 சதவீதம். அவர்களில் பெரும்பாலோருக்கு அதுவரை நோய் கண்டறியப்படவே இல்லை. இந்நோயால் இழந்த பார்வை திரும்பாது. எனவே, பச்சையைக் கண்டு அசட்டையாக இருப்பதும் ஆபத்து. சிவப்பைக் கண்டு நோய் என்றே முடிவு கட்டுவதும் தவறு. கடுமையான கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு நோயில்லாமலேயே சிவப்பு விழுவதுண்டு என்பதைக் கண் மருத்துவர்கள் அறிவர்.

தீர்வு எளியது. கூடுதல், குறைவு காட்டும் படத்துக்கு இருளிலிருந்து வெளிச்சத்துக்குச் சீராகச் செல்லும் ஒரு வரிசை போதும். 'விரிடிஸ்' என்ற அத்தகைய வரிசையை மேட்பிளாட்லிப் மென்பொருள் 2017 முதல் இயல்பிருப்பாகவே வைத்திருக்கிறது. எச்சரிக்கைக்கென ஒதுக்கிய சிவப்பை அளவைக் காட்டப் பயன்படுத்தக் கூடாது. ஒவ்வொரு படத்தின் அருகிலும் நிற விளக்கம் தமிழில் இருக்க வேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. அறிக்கையைக் கையில் வாங்கியதும், "இந்த நிறத்துக்கு என்ன எண்? போன முறை அது எவ்வளவு?" என்று மருத்துவரிடம் கேட்போம். நோய் வளர்கிறதா என்பதை அறிய அந்த இரண்டு எண்களின் வேறுபாடு உதவும்.