இரவில் உலவும் கிளி

கிளி என்றதும் கூண்டில் அமர்ந்து கோவைப்பழம் கொத்தும் பசுங்கிளியே நம் நினைவிற்கு வருகிறது. பறக்க இயலாத, இரவில் மட்டுமே நடமாடுகின்ற, மூன்று கிலோவுக்கு மேலும் எடையுள்ள கிளி ஒன்று உலகில் உண்டு என்றால் நாம் வியப்படைவோம். நியூசிலாந்துக்கே உரிய காக்காப்போ என்பதே அப்பறவை. அந்நாட்டு மாவோரி மக்களின் மொழியில் இப்பெயருக்கு ‘இரவுக்கிளி’ என்பது பொருள்.

பாசி படர்ந்தாற்போன்ற பச்சை நிறம்; ஆந்தையை நினைவூட்டும் முகம்; மேனியில் தேனை ஒத்த நறுமணம். சிறகுகள் உண்டு; ஆனால், மரத்திலிருந்து குதிக்கும்போது நிலை தவறாதிருக்கவே அவை உதவுகின்றன.

ரிமு என்னும் மரம் மிகுதியாகப் பழுக்கும் ஆண்டுகளில்தான் இக்கிளி முட்டையிடும். அவ்வாண்டுகளோ இரண்டு முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறையே வருகின்றன. அக்காலத்தில் ஆண்கிளி நிலத்தில் கிண்ணம்போல் குழி பறித்து, அதில் அமர்ந்து, மார்பை உப்பச் செய்து, முழவு அதிர்வதுபோல் இரவெல்லாம் ஒலி எழுப்பிப் பெண்கிளியை அழைக்கும். அடைகாப்பதும் குஞ்சுகளை வளர்ப்பதும் தாயின் பொறுப்பு மட்டுமே.

இத்தகைய அரிய பறவை அழிவின் விளிம்பிற்கு வந்தது எவ்வாறு? பண்டைய நியூசிலாந்தில் வௌவாலைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டிகள் இல்லை. வானிலிருந்து பாயும் கழுகே இதன் பகை. ஆபத்து வந்தால் அசையாமல் நின்றால் போதும். பச்சை நிறம் அதனை மறைத்துவிடும். ஆனால் மனிதரோடு எலியும் நாயும் வந்தன. பின்னர் பூனையும், முயல்களை ஒழிக்கவென்று கீரியை ஒத்த ஸ்டோட் என்னும் விலங்கும் கொண்டுவரப்பட்டன. மோப்பத்தால் வேட்டையாடும் அவற்றின் முன்னும் காக்காப்போ அசையாமலே நின்றது. 1995 இல் உயிரோடிருந்தவை 51 மட்டுமே!

எஞ்சியவற்றைப் பகைவிலங்குகள் அற்ற தீவுகளில் குடியேற்றி, ஒவ்வொன்றின் முதுகிலும் சிறு வானொலிக் கருவி பொருத்திக் கண்காணித்தனர். கூடுதல் உணவும் அளித்தனர். அங்கேதான் எதிர்பாராத சிக்கல் எழுந்தது. மிகுதியாக உண்டு கொழுத்த தாய்க்கிளிகளின் குஞ்சுகளில் ஆண்களே பெருகின. ஏற்கெனவே பெண்கிளிகள் குறைவு. இனம் தழைப்பது எங்ஙனம்? இதனை உணர்ந்தபின், ஒவ்வொரு கிளியின் எடையையும் நிறுத்துப் பார்த்து, அதற்குத் தக்கபடி உணவை அளந்து வைக்கலாயினர். குறையும் நீங்கியது. 2022 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எண்ணிக்கை 252 ஆக உயர்ந்திருந்தது.

எனினும் இடர் தீர்ந்துவிடவில்லை. நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைய நேர்வதால், இடப்படும் முட்டைகளில் ஏறக்குறைய பாதி பொரிப்பதில்லை. பூஞ்சை நோயும் அவ்வப்போது தாக்குகிறது. 2019 இல் அந்நோய்க்குச் சில பறவைகள் பலியாயின.

தீங்கு செய்த மனிதனின் கையே இன்று இக்கிளியைத் தாங்கி நிற்கிறது. ஆயினும் அள்ளிக் கொடுப்பது மட்டும் அன்பாகிவிடாது. வேண்டியது எது, வேண்டும் அளவு எவ்வளவு என்று அறிந்து கொடுப்பதே பேணுதல். பிள்ளைகளை வளர்க்கும் நம் இல்லங்களுக்கும் இது பொருந்துமன்றோ?