எதில் 85 சதவிகிதம்? – கட்டுமானத் திட்டங்களும் காலதாமதமும்

சென்ற வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நொய்டாவிலிருந்து என் தங்கை போன் செய்தாள். ஐந்து வருடங்களுக்கு முன்னால் அவளும் மாப்பிள்ளையும் அங்கே ஓர் அடுக்குமாடியில் ஃப்ளாட் புக் செய்திருந்தார்கள். வங்கித் தவணை ஒரு பக்கம், இருக்கிற வீட்டுக்கு வாடகை இன்னொரு பக்கம்.

"அண்ணா, 85 பர்சென்ட் முடிஞ்சிருச்சுன்னு பில்டர்கிட்டேயிருந்து லெட்டர் வந்திருக்கு. அஞ்சு வருஷத்துல 85ன்னா, மிச்சம் 15க்கு ஒரு வருஷம்கூட ஆகாதே? வாடகை வீட்டைக் காலி பண்றோம்னு ஓனர்கிட்ட சொல்லிடட்டுமா?"

கூட்டல் கழித்தலில் அவள் தவறே செய்யவில்லை. ஆனால் அந்த 85, எதில் 85 என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. "எதுவும் சொல்லிடாதே, நான் வந்து பார்க்கிறேன்" என்றேன்.

கட்டுமானத் துறையில் பிளானிங் என்ஜினியராக முப்பது வருடம் காலம் தள்ளியவன் நான். "அப்படின்னா என்ன வேலை சார்? நீங்க கட்டுறதில்லையா?" என்று நம் சங்க நண்பர்கள் கேட்பதுண்டு. கட்டுவது வேறு ஆட்கள். எந்த வேலை எப்போது தொடங்க வேண்டும், எது பின்தங்குகிறது, அதனால் எது இடிபடும் என்று பார்த்துச் சொல்வது என் வேலை. மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டவுடன், தங்கைக்குச் சொன்ன விளக்கத்தையே எழுதிவிடலாம் என்று தோன்றியது. நம்மில் பலர் இதே நிலைமையில் இருக்கிறோம் அல்லவா?

சதவிகிதத்தை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான இடங்களில் வேலையின் முன்னேற்றத்தைப் பணத்தால்தான் அளப்பார்கள். 100 கோடி ரூபாய் வேலையில் 85 கோடிக்கு பில் ஆகிவிட்டால் 85 சதவிகிதம். கம்பி, சிமென்ட், கான்கிரீட் இவற்றுக்கு ஆகிற செலவு அதிகம், ஆனால் தளம் தளமாக மளமளவென்று ஏறிவிடும். லிஃப்ட், தீயணைப்புத் துறையின் சான்றிதழ், மின் இணைப்பு, கழிவுநீர் இணைப்பு ஆகியவற்றுக்குப் பணம் கொஞ்சம், பிடிக்கிற காலமோ அதிகம். பணக் கணக்கில் 15 சதவிகிதமாகத் தெரிவது, காலக் கணக்கில் பாதியாகக்கூட இருக்கலாம். போதாக்குறைக்கு, வேலையின் வேகமும் ஒரே சீராக இருப்பதில்லை. தொடக்கத்தில் மெதுவாக நகரும், நடுவில் வேகம் பிடிக்கும், கடைசியில் மறுபடி தவழும். இதை வரைபடமாகப் போட்டால் ஆங்கில எழுத்து 'எஸ்'ஸை இழுத்து நீட்டியது போல வரும், அதனால் 'எஸ் கர்வ்' என்று பெயர். என் தங்கை போட்டது நேர்கோட்டுக் கணக்கு.

சரி, காலக் கணக்கை எப்படிப் போடுவது? டெல்லியில் இருந்துகொண்டு கும்பகோணத்தில் பெண்ணுக்குக் கல்யாணம் நடத்துவதாக வைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்த நாள் முடிவானால்தான் மண்டபம். மண்டபம் கிடைத்தால்தான் பத்திரிகை அடிக்க முடியும், ரயில் டிக்கெட்டும் போட முடியும். டிக்கெட்டோ 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கும், அன்றைக்குக் காலையில் கோட்டை விட்டால் போச்சு. இவை ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்த சங்கிலி. இதில் எந்தக் கண்ணி ஒரு நாள் தள்ளினாலும் மொத்தமும் தள்ளும். பூ மாலைக்கு ஆர்டர் கொடுப்பது ஒரு வாரம் தள்ளினால் ஒன்றும் குடிமுழுகாது, அதற்குச் சாவகாசம் இருக்கிறது. சாவகாசமே இல்லாத அந்தச் சங்கிலியைத்தான் நாங்கள் 'கிரிட்டிகல் பாத்' என்போம். 1950-களின் கடைசியில் அமெரிக்காவில் டூபாண்ட் என்ற ரசாயன கம்பெனியில் ஒரு வழியிலும், போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக அந்நாட்டுக் கடற்படையில் வேறொரு வழியிலும் உருவான கணக்கு முறை இது. பெயர்தான் புதிது, கல்யாணம் செய்து பார்த்த நம் பெரியவர்களுக்கு விஷயம் பழையது.

இந்தச் சங்கிலியைப் பார்க்கத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1964 டிசம்பர் புயலில் பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பு கர்டர்களில் பெரும்பாலானவை கடலுக்குள் போய்விட்டன. பாலத்தைச் சீர்செய்ய ஆறு மாதம் என்று குறித்த ரயில்வே, பிறகு அதை மூன்று மாதமாகக் குறைத்தது. பொறுப்பு இளம் என்ஜினியர் ஈ. ஸ்ரீதரனிடம் வந்தது. புது கர்டர் செய்து கொண்டுவருவது என்றால் அதுதான் கிரிட்டிகல் பாத். மற்ற வேலையில் என்ன அவசரப்பட்டும் பயன் இல்லை. கடலில் விழுந்த கர்டர்களையே மீட்டெடுத்து மறுபடி ஏற்றினார்கள். பாலம் 46 நாளில் தயாரானது. ஆட்கள் ராப்பகலாக உழைத்தது உண்மை, ஆனால் அறுபட்டது அந்த நீளமான கண்ணி.

அதே ஸ்ரீதரன் தலைமையில் 1990-ல் தொடங்கிய கொங்கண் ரயில்வேயில் இயற்கை இந்த அளவுக்கு விட்டுக்கொடுக்கவில்லை. ரோஹாவிலிருந்து மங்களூர் வரை 700 கி.மீ.க்கு மேல். தொண்ணூறுக்கு மேற்பட்ட சுரங்கங்கள். பாறையைக் குடைவது கடினம் என்று எல்லோரும் நினைத்திருக்க, கழுத்தறுத்தது மண். கோவாவில் பெர்னெம் என்ற இடத்தில் சுமார் ஒன்றரை கி.மீ. சுரங்கம், ஈரக் களிமண், தோண்டத் தோண்டச் சரிந்து விழுந்தது. உயிர்ச் சேதமும் ஏற்பட்டது. மற்ற பகுதிகள் துண்டு துண்டாகத் திறக்கப்பட்டுவிட்ட போதும், இந்த ஒரு சுரங்கத்துக்காக வழித்தடம் காத்திருந்து, 1998 ஜனவரி 26 அன்றுதான் முழுவதும் திறந்தது. அப்போது சதவிகிதம் கேட்டிருந்தால் தொண்ணூற்றுச் சொச்சம் என்றுதான் பதில் வந்திருக்கும். (2024 ஜூலையிலும் இதே சுரங்கத்துக்குள் தண்ணீரும் சேறும் பொங்கி வண்டிகள் நின்றன. அந்த மண் இன்னும் சமாதானம் ஆகவில்லை போலும்.)

நிற்க. டெல்லி மெட்ரோவை நாம் தினம் உபயோகிக்கிறோம். 1998 அக்டோபரில் வேலை தொடங்கியது. 2002 டிசம்பரில் ஷாஹ்தராவிலிருந்து தீஸ் ஹஸாரி வரை முதல் வண்டி ஓடியது. பத்து வருடத்தில் முடிக்கத் திட்டமிட்ட 65 கி.மீ. முதல் கட்டம், 2005 கடைசியிலேயே முடிந்தது. அலுவலகங்களில் தொங்கிய 'தலைகீழ்க் கடிகாரம்' பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். இன்ன பகுதி முடிய இன்னும் இத்தனை நாள் என்று தினம் ஒன்று குறைந்துகொண்டே வரும். அதைப் பார்த்துப் பல இடங்களில் போர்டு மட்டும் வாங்கி மாட்டினார்கள். நான் வேலை பார்த்த ஒரு சைட்டிலும் மாட்டினோம். அது பூஜ்யத்துக்கு வந்த அன்று ஸ்விட்சை அணைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

போர்டுக்குப் பின்னால் இருந்த காரியங்கள்தான் முக்கியம். நகரத்தில் தோண்டினால் தண்ணீர்க் குழாய், சாக்கடை, டெலிபோன் கேபிள் எல்லாம் குறுக்கே வரும். ஒவ்வொன்றுக்கும் ஓர் இலாகா, ஒரு கடிதம், ஒரு மௌனம். இந்த இடமாற்றத்தைக் கான்ட்ராக்டர் தலையில் கட்டாமல் மெட்ரோ நிறுவனமே முன்கூட்டி எடுத்துச் செய்தது. பில்லின் பெரும்பகுதியை, சரிபார்த்தல் முழுதும் முடியும் முன்பே கொடுத்துவிடும் வழக்கம் இருந்தது. கான்ட்ராக்டர் கையில் பணம் இல்லாவிட்டால் ஆட்கள் அடுத்த சைட்டுக்குப் போய்விடுவார்கள். ஒவ்வொரு திங்களும் துறைத் தலைவர்கள் உட்கார்ந்து சிக்கல்களுக்கு அங்கேயே முடிவெடுத்தார்கள். என் அனுபவத்தில், வேலை தாமதமாவதைவிட முடிவு தாமதமாவதால் போகிற நாள்தான் அதிகம்.

வேகத்துக்கு விலையும் உண்டு. 2009 ஜூலையில் ஜம்ருத்பூரில் கட்டிக்கொண்டிருந்த மெட்ரோ பாலம் சரிந்து ஆறு பேர் இறந்தார்கள். பொறுப்பேற்று ஸ்ரீதரன் ராஜினாமா கொடுத்தார், பின்னர் கேட்டுக்கொண்டதன் பேரில் தொடர்ந்தார். கிரிட்டிகல் பாத்தைச் சுருக்குகிறேன் என்று கான்கிரீட் இறுகும் நாளைச் சுருக்கக் கூடாது.

என் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு பதினான்கு மாடிக் கட்டடத்துக்கு மாதாமாதம் ரிப்போர்ட் எழுதியவன் நான். 92 சதவிகிதம் என்று எழுதி அனுப்பிய மாதத்தில், ஒயரிங் மேஸ்திரி ஒருவர், நம் விருதுநகர் பக்கத்து ஆள், சாதாரணமாகக் கேட்டார்: "சார், லிஃப்ட்டுக்கு ஆர்டர் போட்டாச்சா?" போடவில்லை. லிஃப்ட் குழியின் அளவில் ஒரு சந்தேகம், வரைபடம் ஆர்க்கிடெக்ட் மேஜையில் கிடந்தது. யாரும் கேட்கவில்லை, ரிப்போர்ட்டில் அதற்கு ஒரு வரியும் இல்லை. அந்த '8 சதவிகிதம்' முடிய இன்னும் பதினான்கு மாதம் பிடித்தது. அன்றிலிருந்து நான் சதவிகிதம் எழுதுவதற்கு முன் 'இன்னும் மிச்சம் என்ன, எதற்கு எது காத்திருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள்' என்று எழுதிக்கொள்வேன்.

ஃப்ளாட் வாங்கியவர்களுக்கு இதைக் கேட்கும் உரிமை இருக்கிறது. 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, நம்மிடம் வாங்கும் பணத்தில் 70 சதவிகிதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும்; என்ஜினியர், ஆர்க்கிடெக்ட், ஆடிட்டர் மூவரின் சான்றுடன் முடிந்த வேலை அளவுக்குத்தான் எடுக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேலை நிலவரத்தை 'ரேரா' இணையதளத்தில் பதிய வேண்டும், எந்த அனுமதி வந்தது, எது வரவில்லை என்பது உட்பட. ஒப்புக்கொண்ட தேதி தாண்டினால் பணத்தை வட்டியுடன் திரும்பக் கேட்கலாம். அல்லது சாவி கைக்கு வரும் வரை மாதாமாதம் வட்டி கேட்கலாம்.

தங்கையுடன் சைட்டுக்குப் போனேன். எல்லாத் தளமும் ஏறியிருந்தது, வெளிப்பூச்சுகூட முடிந்திருந்தது. பார்ப்பவர்களுக்கு 85 என்ன, 95 என்றே சொல்லலாம். உள்ளே லிஃப்ட் குழி காலி. தீயணைப்புக் குழாய் நாலாவது மாடியோடு நின்றிருந்தது. பகல் பதினொரு மணிக்கு மொத்தம் இருபது பேர்கூட வேலையில் இல்லை. சைட் என்ஜினியர் பையனிடம் லிஃப்ட் ஆர்டரைப் பற்றிக் கேட்டேன். "அட்வான்ஸ் குடுக்கணும் அங்கிள்" என்று இந்தியில் மெதுவாகச் சொன்னான்.

வாடகை ஒப்பந்தத்தை இன்னும் 11 மாதத்துக்குப் புதுப்பித்துவிட்டார்கள். ரேராவில் புகார் கொடுப்பதற்கு மாப்பிள்ளை காகிதங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். மாதம் ஒரு தடவை நான் போய் லிஃப்ட் குழியை எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன்.