இணைப்புக்கு விலை

2010-ஆம் ஆண்டின் கடைசி. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் வியாபாரம் சூடுபிடித்திருந்த நேரம். கூகுளில் பெண்கள் உடை என்று தேடினால் முதலில் வந்தது ஜே.சி.பென்னி. படுக்கை விரிப்பு, தரைவிரிப்பு என்று தேடினாலும் அதே பென்னிதான். ஸாம்சொனைட் கைப்பெட்டி என்று பிராண்டின் பெயரையே போட்டுத் தேடினால்கூட, ஸாம்சொனைட்டின் சொந்தத் தளத்துக்கு மேலே பென்னி உட்கார்ந்திருந்தது. 1902-இல் தொடங்கி ஊருக்கு ஊர் கிளை பரப்பிய பெரிய கடைதான். ஆனாலும் இத்தனை பொருளுக்கும் முதலிடமா?

நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர் டேவிட் சீகலுக்கு இது உறுத்தியது. தேடல் நுணுக்கம் தெரிந்த ஒருவரிடம் தோண்டிப் பார்க்கச் சொன்னார். உடை வகைகளின் பெயரைச் சொல்லிப் பென்னிக்கு இணைப்புக் கொடுத்திருந்த 2,015 பக்கங்கள் அகப்பட்டன. அணுப்பொறியியல் பெயரில் ஒரு தளம், சூதாட்டம் பற்றி ஒன்று, பல்கேரியாவில் வீடு நிலம் விற்கிற ஒன்று. உடைக்கும் இவற்றுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. யாரோ காசு கொடுத்து வைத்த இணைப்புகள் என்பது பார்த்ததுமே தெரிந்தது.

காசு கொடுக்கும் அளவுக்கு ஒரு இணைப்பில் என்ன இருக்கிறது? ஆரம்பத்தில் ஒன்றும் இருக்கவில்லை. இணையம் சின்னதாக இருந்த 1993-இல் மார்ட்டின் கோஸ்டர் 'அலிவெப்' என்ற தேடல் கருவியைக் கொண்டுவந்தார். தளம் வைத்திருப்பவரே தன் தளத்தின் விவரத்தை எழுதி அதில் பதிந்துகொள்ள வேண்டும். அடுத்த ஆண்டு ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோ இருவரும் தொடங்கிய யாஹூ பட்டியலிலும் மனிதர்கள்தான் தளங்களைப் பார்த்துத் துறைவாரியாகச் சேர்த்தார்கள். பின்னாளில் வணிகத் தளம் என்றால் 299 டாலர் கட்ட வேண்டும். அதுவும் பரிசீலிப்பதற்குத்தான், சேர்த்தே தீருவோம் என்ற உத்தரவாதம் கிடையாது. 1998-இல் வந்த டிமாஸ் பட்டியலைத் தன்னார்வலர்கள் நடத்தினார்கள். அங்கே காசு வேண்டாம், பொறுமை நிறைய வேண்டும். "உங்கள் தளத்தை நூற்றுக்கணக்கான தேடுபொறிகளில் பதிந்து தருகிறோம்" என்ற தொழில் பிறந்தது இந்தக் காலத்தில்தான். அன்று அதில் ஓரளவு நியாயமும் இருந்தது.

அதே 1998-இல், கூகுளை உருவாக்கிய லாரி பேஜ், செர்கி பிரின் இருவரும் பேஜ்ரேங்க் முறையை வெளியிட்டார்கள். ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பிற ஆய்வாளர்கள் எத்தனை பேர் மேற்கோள் காட்டுகிறார்கள் என்று கல்வித்துறையில் எண்ணுவது வழக்கம். அந்த வழக்கத்தை இணையத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு பக்கம் இன்னொன்றுக்கு இணைப்புக் கொடுத்தால் அது ஓர் ஓட்டு. ஓட்டுப் போடும் பக்கத்துக்கு எவ்வளவு மதிப்போ, அந்த ஓட்டுக்கும் அவ்வளவு கனம். ஓட்டு என்று வந்துவிட்டால் ஓட்டுக்குப் பணமும் வரும் என்பதை நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் சந்தைக்கு ஒரு விலைச்சீட்டு தேவைப்பட்டது. அதையும் கூகுளே அச்சடித்துக் கொடுத்தது. 2000-இல் வந்த அதன் டூல்பாரில், பார்க்கும் பக்கத்தின் மதிப்பு பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு பச்சைப் பட்டையாகத் தெரியும். ஏழு மதிப்புள்ள பக்கத்தில் ஓர் இணைப்பு என்ன விலை, நான்கு என்றால் என்ன விலை என்று பேரம் பேச இதைவிட வேறென்ன வேண்டும்? இணைப்பு வியாபாரிகளைத் திட்டுகிறவர்கள் இந்தப் பச்சைப் பட்டையை வசதியாக மறந்துவிடுகிறார்கள். 2016-இல்தான் கூகுள் அதை முழுதாக எடுத்தது. அதற்குள் இணைப்புக் கொடுப்பதற்கென்றே உருவாக்கிய 'இணைப்புப் பண்ணைகள்', கொடுக்கல் வாங்கல் இணைப்புகள், ஒரே கட்டுரையைச் சொல் மாற்றிச் சொல் மாற்றி நூறு இடத்தில் போடும் வேலை என்று ஒரு தனித் தொழிலே வளர்ந்திருந்தது. கூலி குறைவு என்பதால் இந்த வேலையில் கணிசமான பங்கு இந்தியாவுக்கும் வந்தது.

பென்னிக்கு வருவோம். 2011 பிப்ரவரியில் டைம்ஸ் தன்னிடமிருந்த ஆதாரங்களைக் கூகுளிடம் காட்டியது. குப்பை இணைப்புகளை ஒடுக்கும் பிரிவுக்குத் தலைவராக இருந்த மேட் கட்ஸ் நடவடிக்கை எடுத்தார். மாலை ஏழு மணிக்குக் கைப்பெட்டித் தேடலில் முதலிடத்தில் இருந்த பென்னி, இரண்டு மணி நேரத்தில் 71-ஆம் இடத்துக்குப் போனது. தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்ன பென்னி, தேடல் ஆலோசனை நிறுவனத்தை வேலையிலிருந்து நீக்கியது.

அடுத்த ஆண்டு ஏப்ரல் 24 அன்று கூகுள் தன் தேடல் முறையில் கொண்டுவந்த 'பென்குவின்' என்ற மாற்றம், இப்படி ஆள் வைத்துச் செய்ததை இயந்திரத்திடம் ஒப்படைத்தது. ஆங்கிலத் தேடல்களில் 3.1 சதவீதத்தை அது பாதிக்கும் என்று கூகுளே அறிவித்தது. காசு கொடுத்து இணைப்பு வாங்கியவர்கள், அதை எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சி மின்னஞ்சல் அனுப்ப ஆரம்பித்தார்கள். சில தளக்காரர்கள் எடுப்பதற்கும் தனிக் கட்டணம் கேட்டார்கள். வியாபாரம் என்றால் அப்படித்தான்.

யாஹூ பட்டியல் 2014 கடைசியில் மூடப்பட்டது, டிமாஸ் 2017 மார்ச்சில். முகவரியை யார் வேண்டுமானாலும் கூகுளுக்கு எழுதிப்போடும் படிவமும் 2018-இல் போய்விட்டது. "ஆயிரம் தேடுபொறியில் பதிவு" என்ற மின்னஞ்சல் மட்டும் இன்னும் வருகிறது. வந்தால் அந்த ஆயிரத்தின் பெயரை எழுதி அனுப்பச் சொல்லுங்கள். பதிவு என்று இன்று மிச்சமிருப்பது கூகுளின் சர்ச் கன்சோலில் தளத்தைச் சேர்ப்பதும், தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் சைட்மேப் கோப்பைக் கொடுப்பதும்தான், இரண்டும் இலவசம். பிங் தேடுபொறிக்கு, புதிய பக்கங்களை உடனே தெரிவிக்க 2021-இல் வந்த இண்டெக்ஸ்நவ் இருக்கிறது. இணைப்பு வேண்டுமென்றால் உங்களுக்குச் சரக்குப் போடும் கம்பெனியின் முகவர் பட்டியலில் உங்கள் தளமும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வாடிக்கையாளர் திரும்பத் திரும்பக் கேட்கும் ஒரு கேள்விக்கு வேறெங்கும் கிடைக்காத பதிலை ஒரு பக்கமாக எழுதிப்போடுங்கள். மெதுவாகத்தான் பலன் வரும்.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்தவரையும் கூகுள் கீழே தள்ளினால் கேட்பதற்கு யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி எனக்கு உண்டு. பிரிட்டனில் ஒரு தம்பதி நடத்திய 'ஃபவுண்டெம்' என்ற விலை ஒப்பீட்டுத் தளம், 2006-இல் தேடல் முடிவுகளிலிருந்து கிட்டத்தட்டக் காணாமல் போனது. ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் கொடுத்தவர்களில் அவர்களும் இருந்தார்கள். போட்டியாளர்களைக் கீழே தள்ளித் தன் சொந்த விலை ஒப்பீட்டுச் சேவையைக் கூகுள் முன்னால் காட்டியது என்று 2017-இல் ஆணையம் 242 கோடி யூரோ அபராதம் விதித்தது. ஐரோப்பிய நீதிமன்றம் அதை இறுதியாக உறுதி செய்தது 2024 செப்டம்பரில். ஃபவுண்டெம் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே கடையைக் கட்டியிருந்தது.