பனாட்டுப் பாயும் மின்தட்டும்

பேரீச்சம்பழம், முந்திரி, பூசணி விதை, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. இவற்றை அரைத்துத் தட்டில் பரப்பி, மெல்லிய சூட்டில் காயவிட்டு, விரல் நீளத்துக்கு நறுக்கி டப்பாவில் போடுகிறார்கள். அடுப்பு இல்லை, எண்ணெய் இல்லை. வீட்டில் டீஹைட்ரேட்டர் வாங்கியவர்கள் முதலில் செய்துபார்ப்பது பெரும்பாலும் இந்த ‘ரா பார்’தான். சமைக்காத பச்சை உணவை விரும்பிய அமெரிக்கர்களிடையே வளர்ந்த பழக்கம் இது. 2003இல் அங்கே லாராபார் கடைக்கு வந்தபின் பேரீச்சையும் பருப்பும் சேர்ந்த பார் ஊரறிந்த பண்டமானது. ஆனால் நெருப்பே படாத பழக்கட்டி ஒன்றை யாழ்ப்பாணத்து வளவுகள் அதற்கு வெகுகாலம் முன்பே பாய் பாயாகச் செய்திருக்கின்றன. அதுதான் பனாட்டு.

ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் விழும். கடகத்தில் பொறுக்கி வந்து, கறுத்த தோலை உரித்து, கொட்டையைச் சுற்றிய தும்பைத் தண்ணீர் தெளித்துப் பிசைவார்கள். பிசையப் பிசைய மஞ்சள் களி இறங்கும். முழங்கை வரை மணக்கும். தும்பு கலக்காமல் அதை வடித்தெடுத்து, நிலத்திலிருந்து உயர்த்திக் கட்டிய தட்டின் மேல் ஓலைப்பாயை விரித்து, உள்ளங்கையால் மெல்லியதாகத் தடவுவார்கள். நல்ல வெயிலில் மாலைக்குள் விரலில் ஒட்டாத பதம் வந்துவிடும். மறுநாள் அதன் மேலேயே அடுத்த பூச்சு. இப்படி நாட்கணக்கில் பூசிப் பூசித்தான் பனாட்டுக்குத் தடிப்பு வரும். ஒரேயடியாகத் தடிப்பாக ஊற்றினால் மேல்பக்கம் காய்ந்து மூடிக்கொள்ளும், உள்ளே ஈரம் நின்று புளித்துப்போகும். இது பனாட்டுப் போட்ட பெண்களுக்குக் கைப்பழக்கத்தில் தெரிந்திருந்தது. இன்றைய உணவுத் தொழில்நுட்பப் பாடமும் அதையேதான் சொல்கிறது.

காய்ந்ததை உரித்து நறுக்கி, அடுப்புப் புகை படும் இடத்தில் தூக்கிவைத்தால் பூச்சி அண்டாது. மாரி மழையில் வேலையும் வரும்படியும் குறையும்போது புழுக்கொடியலும் தேங்காய்ச் சொட்டும் பனாட்டும்தான் பல வீடுகளில் பசியாற்றின. பனம்பாணியில் ஊறவைத்த பாணிப் பனாட்டு கொஞ்சம் வசதியான பண்டம். களி எடுத்த கொட்டைகளும் வீண்போகவில்லை. பாத்தியில் புதைத்தால் கிழங்கு, கிழங்கு காய்ந்தால் ஒடியல், அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். 1850இல் கொழும்பில் பனையைப் பற்றித் தனி நூலே வெளியிட்ட வில்லியம் பெர்குசனும் பனாட்டை விட்டுவிடவில்லை.

பிறகு இலங்கையில் உள்நாட்டுப் போர் வந்தது. பதுங்குகுழிகளுக்குக் குற்றியாகப் போன பனைகள் எத்தனையோ. முற்றங்களே ஆளில்லாமல் கிடந்தபோது பாய் விரிக்க யார் இருந்தார்கள்?

இன்றைய டீஹைட்ரேட்டர் பெட்டியில் சூடாக்கும் கம்பியும் விசிறியும் தட்டுகளும்தான் இருக்கின்றன. வெயிலும் காற்றும் செய்த வேலையை அவை செய்கின்றன, இரவிலும் மழையிலும். பச்சை உணவுக்காரர்கள் குமிழை 46 பாகை செல்சியஸுக்கு மேல் திருப்புவதில்லை, நொதிகள் சிதைந்துவிடும் என்பதற்காக. அந்தக் காரணம் எனக்கு ஒப்பவில்லை. சிதையாமல் உள்ளே போகும் நொதியில் பெரும்பகுதியை வயிற்று அமிலமே சிதைத்துவிடுகிறது. அந்தச் சூட்டில் கிருமியும் சாகாது. ஊறவைத்த விதைகளும் பருப்பும் சேர்ந்த ஈரமான கலவையை மணிக்கணக்கில் இளஞ்சூட்டில் வைப்பது எனக்குக் கவலை தரும் விஷயம். பழம் உலர்த்த 60 பாகை என்பதே அமெரிக்காவின் வீட்டு உணவுப் பதன வழிகாட்டிகள் சொல்லும் அளவு. ‘பச்சை’ என்ற பெயருக்காக அதை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. அந்தப் பெயரும் முழு உண்மையில்லை. அமெரிக்காவில் விளைந்து அங்கேயே கடைகளில் விற்கப்படும் பாதாமுக்கு 2007 முதல் கிருமி நீக்கம் கட்டாயம். கடையில் ‘பச்சை’ என்று வாங்கும் முந்திரியும் ஓடு உடைக்குமுன் ஆவியிலோ வறுப்பிலோ சூடுபட்டே வந்திருக்கும்.

இந்தப் பெட்டியை நான் மனதார வரவேற்கிறேன். காகம் விரட்டி, ஆடு விரட்டி, மேகம் பார்த்து, பாயைத் தூக்கிக்கொண்டு ஓடிய உழைப்பு முழுவதும் பெண்களுடையது, பிள்ளைகளுடையது. அந்தப் பாரம் இறங்கியது நல்லதே. ஆனால் அளவும் நோக்கமும் மாறிவிட்டன. பாய் நிறையக் காய்ந்தது ஒரு குடும்பத்தின் மாரிகாலச் சாப்பாடு. தட்டில் காய்வது உடற்பயிற்சிக்குப் போகிறவர் பையில் வைக்கும் நாலு துண்டு. பருப்பு சேர்வதால் எண்ணெய் சிக்குப் பிடிக்கும், அதனால் குளிர்சாதனப் பெட்டி இல்லாமல் நெடுநாள் தாங்காது. பருப்பே சேராத பனாட்டு, பரணில் மாதக்கணக்கில் கிடந்தது.

பனங்காய் விழுந்து அழுகும் வளவுகள் இன்றும் உண்டு. அந்தக் களி இந்தத் தட்டுகளில் ஏற வேண்டும் என்பதே என் ஆசை. முறை பெரிதாக மாறத் தேவையில்லை. ஒட்டாத தாளில் மெல்லியதாகத் தடவி 60 பாகையில் விடுங்கள். மேல்பக்கம் விரலில் ஒட்டாமல் வந்ததும் அடுத்த பூச்சு. மூன்று நான்கு பூச்சு ஏறியபின் தாளை உரித்து, கவிழ்த்து வலைத்தட்டில் போட்டால் அடிப்பக்கமும் காயும். மடித்தால் முறியாமல் வளைய வேண்டும், பிய்த்த இடத்தில் ஈரம் தெரியக்கூடாது. பனங்களியின் காறல் பிள்ளைகளுக்குப் பிடிக்காவிட்டால் பிசையும்போதே பேரீச்சம்பழம் கூட்டலாம். ஆனால் காறல் முழுவதையும் மறைக்கும் அளவுக்குக் கூட்டாதீர்கள். அது போனால் வெறும் இனிப்புக் கட்டிதான் மிஞ்சும்.